பாட்டுக்குப் பூட்டு! சாவி யார் கையில்?

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ந் தேதி.

அமெரிக்காவில் "மேக்மியூசிக்" என்ற கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதைப் படித்த இசைக் கலைஞர்கள் திடுக்கிட்டார்கள்.

என்ன அறிவிப்பு?

"பினாலே" என்ற மென்பொருளை இனி விற்கப் போவதில்லை. அதைப் புதுப்பிக்கவும் போவதில்லை என்பதுதான்.

பினாலே என்றால் என்ன?

மேல்நாட்டு இசையை ஐந்து கோடு போட்டு எழுதுவார்கள். அந்தக் கோடுகளில் புள்ளி வைப்பார்கள். புள்ளி மேலே ஏறினால் சுரமும் ஏறும்.

முன்பு இதைக் கையால் எழுதினார்கள். ஐம்பது பேர் சேர்ந்து வாசிக்கும் இசை என்றால், வயலினுக்கு ஒரு பிரதி, குழலுக்கு ஒரு பிரதி என்று தனித்தனியே எழுத வேண்டும். கை ஓய்ந்துவிடும்.

இந்த வேலையைக் கம்ப்யூட்டரில் செய்ய வந்ததுதான் பினாலே. 1988-ல் அது வெளிவந்தது. இசை அமைப்பாளர்கள், பள்ளிக்கூட இசை ஆசிரியர்கள், இசைப் புத்தகம் அச்சிடுகிறவர்கள் எல்லோரும் அதை வாங்கினார்கள். பலர் தங்கள் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் அதிலேயே எழுதி வைத்தார்கள்.

ஏன் பயம்?

"வாங்கிய மென்பொருள் வீட்டில்தானே இருக்கிறது? பயம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டர் பழையதாகும். புதியது வாங்க வேண்டும். புதிய கம்ப்யூட்டரில் பினாலே வேலை செய்ய, கம்பெனியின் அனுமதி வேண்டும். ஓராண்டுக்குப் பிறகு அந்த அனுமதி கிடையாது என்று கம்பெனி முதலில் சொன்னது!

கலைஞர்கள் கொதித்து எழுந்தார்கள். உடனே கம்பெனி இறங்கி வந்தது. அனுமதி தொடர்ந்து கிடைக்கும் என்று அறிவித்தது.

ஆனாலும் கவலை தீரவில்லை. பினாலேயில் எழுதிய கோப்பு, பினாலேக்கே உரிய முறையில் எழுதப்பட்டது. நாளை வரும் கம்ப்யூட்டரில் பினாலே ஓடாமல் போனால், அதைச் சரிசெய்யக் கம்பெனி வராது. பாட்டு உள்ளே இருக்கும். கதவு திறக்காது.

பாக் எழுதிய தாள்

ஜெர்மனி நாட்டு இசை மேதை பாக், 1750-ல் இறந்தார். அவர் கைப்பட எழுதிய இசைத் தாள்கள் பெர்லின் அரசு நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. மை சில தாள்களை அரித்துவிட்டது. இருந்தாலும் ஐந்து கோட்டு இசை படித்தவர்கள் அவற்றைப் பார்த்து வாசிக்கலாம். எந்தக் கம்பெனியையும் கேட்க வேண்டியது இல்லை.

270 ஆண்டுக்கு முந்திய தாளைப் படிக்க முடிகிறது. 20 ஆண்டுக்கு முந்திய கோப்பைப் படிக்க முடியுமா என்பது சந்தேகமாக இருக்கிறது!

மாற்றுச் சாவி

இந்த ஆபத்துக்கு ஒரு மாற்று ஏற்கெனவே வந்துவிட்டது. அதைச் செய்தவர் மைக்கேல் குட் என்ற அமெரிக்கர்.

"மியூசிக் எக்ஸ்.எம்.எல்." என்ற பொது எழுத்து முறையை அவர் உண்டாக்கினார். அதன் முதல் பதிப்பு 2004-ல் வெளியாயிற்று. எந்தச் சுரம், எந்த ஸ்தாயி, எவ்வளவு நேரம் என்பதை அது சாதாரணச் சொற்களாலும் எண்களாலும் எழுதி வைக்கிறது. இந்த முறையின் விதிகள் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடப்பட்டு உள்ளன. எந்தக் கம்பெனியும் இதைப் பயன்படுத்தலாம்.

வேடிக்கையைக் கேளுங்கள். 2011-ல் மைக்கேல் குட்டின் கம்பெனியை வாங்கியது யார் தெரியுமா? பினாலேயை விற்ற அதே கம்பெனிதான்!

ஆனால் 2015-ல் இந்த முறையை வளர்க்கும் பொறுப்பு ஒரு பொதுக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதனால், பினாலே நின்றபோதும் இந்த முறை நிற்கவில்லை. டோரிகோ, சிபேலியஸ், மியூஸ்கோர் முதலிய மென்பொருள்கள் இதைப் படிக்கின்றன.

ஒரு குறையும் உண்டு. சுரங்கள் பத்திரமாக வந்துவிடும். ஆனால் பக்கத்தின் அமைப்பு அப்படியே வராது. எழுத்து இடம் மாறும், வரிகள் நெருங்கும். உட்கார்ந்து திருத்த வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

பினாலே வைத்திருப்பவர்கள், அது ஓடும்போதே எல்லாக் கோப்புகளையும் பொது முறைக்கு மாற்றிவிட வேண்டும். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியது இல்லை. ஒரு தொகுப்பு முழுவதையும் ஒரே தடவையில் மாற்ற பினாலேயிலேயே வழி இருக்கிறது. முக்கியமான பாட்டுகளைத் தாளிலும் அச்சிட்டு வைப்பது நல்லது.

இது இசைக்காரர்களுக்கு மட்டும் அல்ல. வீட்டுக் கணக்கு, கடிதம், குடும்ப வரலாறு என்று நீங்களும் கம்ப்யூட்டரில் எதையாவது எழுதி வைத்திருக்கலாம். "இந்த மென்பொருள் நாளை நின்றுவிட்டால், இதை வேறு எதில் திறப்பது?" என்று இன்றே கேட்டுப் பாருங்கள். பதில் தெரியவில்லையா? இப்போதே பொது முறையில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.