வெற்றிலை நட்ட கதை

ஆகுபெயராவது யாது என வினவினால், நம் மாணாக்கர் பலர் இலக்கணத்தைத் தட்டின்றி ஒப்புவிப்பர். அதனையே ஒரு தொடரில் அமைத்துக் காட்டுக என்றால் வாய்திறவார். க. பொ. த. சாதாரண தரத் தேர்வு நெருங்குங்காலத்து ஆசிரியர் பலர் காணும் காட்சி இது.

நம் முன்னோர் மனனத்தை இகழ்ந்தாரல்லர். ஆயினும் வெறுஞ்சொல் நெஞ்சில் நில்லாது என்பதை நன்கறிந்திருந்தனர். மண்டலபுருடர் தமது சூடாமணி நிகண்டினை விருத்தப்பாவால் இயற்றினார். 11ஆம் தொகுதியில் ஒருசொற் பல்பொருளை எதுகை முறையில் அடுக்கினார். நிகண்டுக்கு ஓசை துணையாயிற்று. இலக்கணக் குறியீட்டுக்குக் கதை துணையாகுமோ எனக் கருதி, வகுப்பில் ஒரு விளையாட்டைத் தொடங்கினேன்.

கண்ணகி வழிபாட்டோடு ஒட்டிய கொம்பு விளையாட்டை மட்டக்களப்பார் அறிவர். அதிற் போலவே வகுப்பை வடசேரி, தென்சேரி என இரு கட்சியாக்கினேன். சினையாகுபெயர், இடவாகுபெயர், பண்பாகுபெயர் முதலிய குறியீடுகளைச் சீட்டுகளில் எழுதிக் குடத்திலிட்டேன். சீட்டை எடுப்பவர் அதற்கேற்ற சொல்லொன்றை அமைத்துக் கதையை ஓரடி நகர்த்தவேண்டும். குறியீட்டின் பெயரை வெளியிடலாகாது. எதிர்ச்சேரியார் அதனைக் கண்டு காரணமுங் கூறவேண்டும். பின்னர், கதை நின்ற இடத்திலிருந்து அவர்கள் தொடர்வர்.

களுதாவளை வெற்றிலைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். அத்தகைய தோட்டக்காரர் ஒருவரின் மகன், வினாவெழுந்தாற் தலைகுனியும் இயல்பினன், ஒருநாள் சீட்டெடுத்தான். நெடுநேரந் தயங்கி, “விடியுமுன்னே அப்பா வெற்றிலை நட்டார்” என்றான்.

“இலையை நடுவாருண்டோ? பிழை!” என ஆர்த்தது தென்சேரி.

அவன் நிமிர்ந்தான். “நடுவது கொடிதான். ஆனால் எங்கள் வீட்டில் கொடி நட்டோம் என்று எவருஞ் சொல்வதில்லை, வெற்றிலை நட்டோம் என்றுதான் சொல்வோம்” என்றான்.

ஒரு கணம் அமைதி. பின்னர், “ஐயா, சினையாகுபெயர்! இலையின் பெயர் கொடிக்கு ஆகி வந்தது” எனத் தென்சேரியே கூவிற்று.

இலக்கண நூல்கள் காட்டும் பழைய உதாரணமும் ‘வெற்றிலை நட்டான்’ என்பதே. அதனைப் பல்லாண்டு கரும்பலகையில் எழுதியும், அஃது அவன் வீட்டுச் சொல் என்று காட்டத் தவறியிருந்தேன். அன்று நாணினேன்.

2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலார் வெளியிட்ட ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. படித்ததையே திரும்பப் படித்தோரினும், நினைவிலிருந்து மீட்டெழுதியோர் ஒரு வாரங் கழித்து மிகுதியாக நினைவுகூர்ந்தனர். கதை விளையாட்டும் அவ்வாறு மீட்டெடுக்கும் பயிற்சியே.

கதைச்சுவையிற் குறியீடு மறைந்துபோதலும் உண்டு. ஆதலின் இறுதி ஐந்து நிமிடத்தில், வந்த குறியீடுகளுக்குத் தத்தம் சொற்களால் விளக்கம் எழுதச்செய்க. வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். பிழைபட்டவனை நகைக்க மட்டும் இடங்கொடாதீர். அவன் பிழையென நாம் கருதுவது, அவன் வீட்டு இலக்கணமாகவும் இருக்கலாம்.