கல்லானவருக்கு என்ன ஆகும்?

மெடூசாவின் முகத்தைப் பார்த்தவர் கல்லாகிவிடுவார் என்கிறது கிரேக்கப் புராணம். அதற்கு மேல் விளக்க வேண்டிய கட்டாயம் புராணத்துக்கு இல்லை. அதே மெடூசா ஒரு விளையாட்டுக்குள் நுழைந்ததும் ஆடுபவர்கள் கேள்விகளை அடுக்குகிறார்கள். உடுத்திய துணியும் கல்லாகுமா? கையிலிருந்த வாள்? அவரைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா? விதிப்புத்தகம் பதில் சொல்லியாக வேண்டும்.

இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் அமெரிக்காவில் உருவாக்கி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அது செய்வதை வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். கதையையும் அரக்கர்களையும் நடத்துபவர் ‘டன்ஜன் மாஸ்டர்’.

அந்த விளையாட்டின் 2014 பதிப்பு, கல்லான நிலையை நுணுக்கமாக வரையறுக்கிறது. மந்திர சக்தி இல்லாத உடைமைகளும் உடலோடு சேர்ந்து கல்லாகும். எடை 10 மடங்காகும். 70 கிலோ மனிதர் 700 கிலோ சிலையாகிவிடுவதால் நண்பர்கள் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. சுற்றி நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. வயது ஏறாது. ஏற்கெனவே உடம்பில் ஏறிய விஷம் முறியாமல் அப்படியே நின்றிருக்கும். மீண்டும் சதையானதும் அது விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கும். விதியின்படி அவர் சாகவில்லை, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறார்.

ஆரம்ப காலத்தில் இந்த ஆபத்து மிகக் கடுமையாக இருந்தது. 1974 விதிகள் ஆபத்துகளை ஐந்து வகையாகப் பிரித்து, கல்லாவதற்கென்றே ஒரு வகையை ஒதுக்கின. தப்பிக்க ஒரே ஒரு பகடை வீச்சுதான். தவறினால் கல். பல வாரங்கள் வளர்த்த பாத்திரம் ஒரு நொடியில் ஆட்டத்தை விட்டு வெளியேறும்.

பின்னால் வந்த விதிகள் இதற்குள் அவகாசத்தைப் புகுத்தின. 2014 பதிப்பில் மெடூசாவின் பார்வைக்குத் தப்ப, 20 முகப் பகடையில் விழும் எண்ணோடு உடலுறுதிக்கான மதிப்பையும் கூட்டி 14 எடுக்க வேண்டும். 9 அல்லது அதற்குக் கீழே என்றால் உடனே கல். 10 முதல் 13 வரை என்றால் உடல் இறுகத் தொடங்கும்; நகர முடியாது, ஆனால் அடுத்த முறை இன்னொரு வீச்சு உண்டு. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்யலாம். அப்போது மெடூசா கண்ணில் படமாட்டாள், அவளை நோக்கி வீசும் வாளும் எளிதில் குறி தவறக்கூடும். நல்ல வெளிச்சத்தில் அவளிடமே கண்ணாடியைக் காட்டினால் அவளும் தன் பார்வைக்கே இலக்காவாள். சேவல் போன்ற காக்கட்ரைஸ் கொத்தினால் வரும் கல்நிலையோ 24 மணி நேரத்தில் தானாக நீங்கிவிடும்.

மீட்க என்ன வழி? 100 பொற்காசு மதிப்புள்ள வைரத்தூளைச் செலவழித்துச் செய்யும் உயர்நிலை மந்திரம் ஒன்று உண்டு. பார்வையாலேயே கல்லாக்கும் பாசிலிஸ்க் என்ற பல்லி இனத்தின் தொண்டைத் திரவத்திலிருந்து வடிக்கும் எண்ணெயும் உதவும். ஆனால், ‘சதையைக் கல்லாக்கும்’ மந்திரத்தில் சிலையானவரின் கை உடைந்திருந்தால், மீண்டு வரும்போதும் அந்தக் குறை இருக்கும். எனவே சிலையைக் காவல் காப்பதும் நண்பர்களின் கடமையாகிறது.

கல்லாவதைக் கதையாக மாற்றிய விளையாட்டுகளில் மறக்க முடியாதது, ஜப்பானில் 1992-இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட் 5’. அதன் நாயகன் கல்லாகி, ஒரு பணக்காரர் வீட்டுத் தோட்டத்தில் 8 ஆண்டுகள் நிற்கிறான். பருவங்கள் மாறுவதை ஆடுபவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், செய்வதற்கு ஒன்றுமில்லை. கடைசியில் கைக்குழந்தைகளாக அவன் விட்டுப்போன இரட்டையர்கள் வளர்ந்து வந்து தந்தையை மீட்கிறார்கள். சாவைக் காட்டியிருந்தால் இந்த இழப்பின் கனம் கிடைத்திருக்காது. அப்பா உயிரோடிருந்தும் பிள்ளைகளின் குழந்தைப் பருவம் அவருக்கு இல்லாமல் போனது.

அனுபவமுள்ள டன்ஜன் மாஸ்டர்கள் இதே சாத்தியத்தை மேசையிலும் பயன்படுத்துகிறார்கள். மெடூசாவின் குகை வாசலில், ஓடும் கோலத்தில் உறைந்த சிலைகளை முன்கூட்டியே காட்டிவிடுவார்கள். கவனித்தவர்கள் கண்ணாடியோடு உள்ளே போவார்கள். அந்தச் சிலைகளில் ஒன்று நூறாண்டுக்கு முந்தைய வீரனாக இருக்கலாம். எண்ணெய் தடவி எழுப்பினால் அதே இளமையோடு எழுந்து, இப்போது யாருக்கும் தெரியாத பழைய ரகசியங்களை அவன் சொல்லக்கூடும்.