அடங்கிக் கிடக்கும் உடும்பு

அமெரிக்காவில் ஊர்வன விற்கும் கடைகளில் சவானா உடும்புக் குஞ்சு மலிவாகக் கிடைக்கும். கானா, டோகோ, பெனின் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து விமானமேறி வருபவை. உள்ளங்கையில் வைத்தால் அசையாமல் படுத்துக் கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். “சாதுவான இனம், சீக்கிரம் பழகிவிடும்” என்பார் கடைக்காரர். வாங்குகிறவரும் நம்பிவிடுவார். அந்தச் சாதுத்தனத்துக்குப் பல நேரம் காரணம் குளிர்தான்.

உடும்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்து வர வேண்டும். விவரம் தெரிந்து வளர்ப்பவர்கள், விளக்குக்கு நேர் கீழே தரை 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சுடும்படி வைப்பார்கள். கூண்டின் மறுகோடி 26, 28 டிகிரியில் இருக்கும். இரண்டுக்கும் இடையே போய்வந்து உடும்பு தன் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். சாதாரணக் கண்ணாடித் தொட்டியில், சின்ன பல்புக்குக் கீழே இது நடக்காது. தின்றது செரிக்காது, ஓடத் தெம்பிருக்காது. தோண்டி உள்ளே படுக்க ஈரமண் இல்லாவிட்டால் உடம்பில் நீர் வற்றும். சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் மூட்டுகளில் படியும். சொந்த மண்ணில் அது வெட்டுக்கிளி, வண்டு, மரவட்டை, நத்தை என்று நாளெல்லாம் தேடித் தின்னும் பிராணி. இங்கே எலியாகக் கொடுக்கிறார்கள். வயிறு பெருத்து, கல்லீரலில் கொழுப்பு ஏறுகிறது. இப்படி ஒரு மூலையில் கிடக்கும் உடும்பைத்தான் ‘நன்றாகப் பழகிவிட்டது’ என்று படம் எடுத்துப் போடுகிறார்கள்.

அதன் உடலமைப்பே நடமாட்டத்துக்கானது. பல பல்லியினங்களால் ஓடிக்கொண்டே சரியாக மூச்சுவிட முடியாது. ஓட்டத்துக்கும் மூச்சுக்கும் ஒரே தசைகள். உடும்பு இந்தச் சிக்கலைத் தொண்டையால் தீர்த்துக்கொண்டது. தொண்டைப் பையை விரித்துச் சுருக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளும். அதனால் ஓடவும் முடியும், ஓடியபடி மூச்சுவிடவும் முடியும். இப்படிப்பட்டதை மூன்றடித் தொட்டியில் வைப்பதை வளர்ப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விஷயம் தெரிந்த ஒருவர் வந்து, பெரிய கூண்டும் ஆழமான மண்ணும் நல்ல வெப்பமும் ஏற்பாடு செய்து கொடுக்கிறார் என்று வையுங்கள். சில வாரங்களில் உரிமையாளரிடமிருந்து புகார் வரும்: “நன்றாக இருந்த உடும்பு கெட்டுப்போய்விட்டது.” கிட்டே போனால் தொண்டை உப்புகிறது. விலா தட்டையாகிறது. லாரி டயரில் காற்று இறங்குவதுபோல நீளமாகச் சீறுகிறது. வால் ஒரு பக்கமாக வளைந்து நிற்கிறது; இன்னும் ஓரடி வைத்தால் விளாசும். மீறித் தூக்கினால் கையில் கழிந்துவிடும். கடி கடைசியில்தான். இத்தனை எச்சரிக்கை கொடுக்கிற பிராணியை மூர்க்கம் என்பது அநியாயம். அது கெடவில்லை, தேறியிருக்கிறது. பயந்ததைக் காட்டும் தெம்பு இப்போதுதான் வந்திருக்கிறது.

இனத்துக்கு இனம் குணம் மாறும் என்பதும் உண்மைதான். ஆஸ்திரேலியாவின் ஆக்கி உடும்பு இரண்டடிதான் இருக்கும், துறுதுறுப்பானது. நீருடும்பு ஆறேழு அடி வளர்ந்தாலும், பொறுமையான கையில் நிதானமாகிவிடும். நைல் உடும்பு பெரும்பாலும் யாருக்கும் மசிவதில்லை. சமாளிக்க முடியாதவர்கள் வெளியே விட்டதும், தப்பியோடியதுமாக ஃபுளோரிடாவின் கேப் கோரல் பகுதிக் கால்வாய்களில் அது குடியேறிவிட்டது.

நம் ஊர் உடும்பை வளர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. இந்தியாவில் உள்ள நான்கு இனங்களும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடித்தாலோ வீட்டில் வைத்திருந்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

சரி, நல்ல சூட்டோடும் தெம்போடும் இருக்கிற உடும்பு மனிதரிடம் நிஜமாகவே பழகுமா? பழகும். 1927-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு இரண்டு கொமோடோ உடும்புகள் வந்தன. ஊர்வனப் பிரிவின் பொறுப்பாளர் ஜோன் புராக்டர். அவற்றில் சும்பாவா என்பது அவர் பின்னாலேயே நடந்து வருமளவுக்கு ஒட்டிக்கொண்டது. மறு ஆண்டு அதை விலங்கியல் கழகக் கூட்டத்துக்கே கூட்டிவந்து, தட்டிக்கொடுத்தபடி கோழியும் முட்டையும் தன் கையாலேயே கொடுத்தார். 1992-ல் வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் பொரித்த கிராக்கன் என்ற பெண் கொமோடோ இன்னும் ஒருபடி மேலே போனது. பராமரிப்பாளரின் ஷூ லேசை இழுக்கும், பையில் இருப்பதை உருவும். டென்னசி பல்கலைக்கழகத்தின் கார்டன் பர்கார்ட் அதைக் கவனித்து, இது விளையாட்டேதான் என்று எழுதினார்.

இந்த இணக்கம் பிடித்துத் தூக்கி வருவதல்ல. ஒளிந்துகொள்ள வளை இருக்க வேண்டும். ஆள் பேசாமல் கூண்டோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். உடும்பு தானாக வந்து நாக்கை நீட்டி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

அதன் பிறகும் ஓர் ஆபத்து மிச்சமிருக்கிறது: இரை என்ற நினைப்பு. 2001-ல் லாஸ் ஏஞ்சலஸ் காட்சிசாலையில், கொமோடோவின் கூண்டுக்குள் போக ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அனுமதி கிடைத்தது. அதற்குத் தீனியாகப் போடுவது வெள்ளை எலி; அவர் போட்டிருந்ததோ வெள்ளை ஷூ. குழம்பிவிடப் போகிறதென்று கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். உடும்பு வெறுங்காலைக் கவ்வியது. அறுவைச் சிகிச்சை வரை போனது. பகை ஒன்றும் இல்லை, கால் தீனியாகப் பட்டுவிட்டது.

இதற்குத்தான் இப்போது பல காட்சிசாலைகளில் குச்சி நுனியில் ஒரு நிறப்பந்தைச் செருகிப் பழக்குகிறார்கள். பந்து தெரிந்தால் தீனி உண்டு. அதை மூக்கால் தொட்டதும் இடுக்கியில் இரை வரும். பந்து இல்லாமல் கதவு திறந்தால், வருவது தொட்டி கழுவ வந்த ஆள்.