வெங்காயப் பூஞ்சை சொல்லும் சர்க்கரைக் கணக்கு

வெங்காயம் உரிக்கும்போது தோலில் கரித்தூள் அப்பியதுபோல் ஒரு கறுப்புப் படிவு தெரியும். கழுவிவிட்டு நறுக்கப் போய்விடுவோம். பெரும்பாலும் அது ஆஸ்பெர்கில்லஸ் நைகர் என்ற பூஞ்சை. அந்தப் பூஞ்சையினம் சுரக்கும் நொதி ஒன்றுதான், சர்க்கரை நோயாளிகள் பலரின் மேல்கையில் ஒட்டியிருக்கும், சர்க்கரையை அளக்கும் நாணயம்போன்ற வட்ட சென்சாருக்கு நாக்காக இருக்கிறது.

அந்த நொதியின் பெயர் குளுக்கோஸ் ஆக்சிடேஸ். எத்தனையோ பொருட்கள் கலந்த உடல் திரவத்தில் அது குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடிக்கும். பழத்தில் இருக்கும் ஃபிரக்டோஸ்கூட அதன் கண்ணில் படாது. பிடித்த குளுக்கோஸை ஆக்சிஜனோடு சேர்த்து வேறு பொருளாக மாற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. பல சென்சார்களில் அது மின்முனையில் சிதைந்து எலக்ட்ரான்களை விடுகிறது. சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். நொதியையும் மின்முனையையும் இப்படி இணைக்கும் யோசனையை அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் தன் சகாவோடு 1962இல் முன்வைத்தார். உடலிலேயே பொருத்தித் தொடர்ந்து அளக்கும் கருவிக்கு அந்நாட்டில் ஒப்புதல் கிடைக்க 1999 ஆயிற்று.

அளக்க வேண்டிய சர்க்கரையும் அதிகமில்லை. ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம். டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் மொத்தம் 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான்! நாலு இட்லியில் அதைப்போலப் பல மடங்கு மாவுச்சத்து இருக்கிறது. அத்தனையும் குளுக்கோஸாகி வந்து இறங்கும்போது அந்த ஒரு டீஸ்பூனைக் காப்பாற்றத்தான் இன்சுலின் பாடுபடுகிறது.

சென்சாரை அழுத்தி ஒட்டும்போது ஊசி ஒன்று அரை சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போய், மெல்லிய இழையை மட்டும் விட்டுவிட்டுத் திரும்பிவிடும். அந்த இழை இரத்தக்குழாயைத் தொடுவதில்லை. செல்களுக்கு நடுவே ஊறியிருக்கும் நீரில்தான் அது நனைந்து கிடக்கிறது. இரத்தத்துச் சர்க்கரை அந்த நீருக்குக் கசிந்து வரச் சில நிமிடங்கள் ஆகும். அதனால் சர்க்கரை மளமளவென்று இறங்கும் நேரத்தில் சென்சார் கொஞ்சம் பின்தங்கியே சொல்லும். கை நடுங்கி வியர்த்துக் கொட்டியும் திரையில் எண் நன்றாகவே இருந்தால், விரலைக் குத்திப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். சென்சார் இருக்கும் கையை அழுத்திப் படுத்தாலும் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.

அப்படியானால் விரல்குத்தும் கருவியே போதாதா? பேருந்து விழுப்புரத்தில் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், அது சென்னைக்குப் போகிறதா, திருச்சிக்குப் போகிறதா என்று கேட்போம் அல்லவா? சர்க்கரை 110 என்ற எண்ணும் அப்படித்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கும் சென்சார், எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் போடுகிறது. படுக்கப்போகும்போது 110 மேலே ஏறிக்கொண்டிருப்பது வேறு. இன்சுலின் போட்டுக்கொண்டவருக்கு அதே 110 கீழே சரிந்துகொண்டிருப்பது வேறு. 70க்குக் கீழே போனால் எழுப்பிவிடும் அலாரம், தூக்கத்திலேயே மயங்கிப்போகும் ஆபத்தைக் குறைக்கிறது.

பல சென்சார்களுக்கு ஆயுள் 10 முதல் 15 நாள். நொதி மெல்ல வலுவிழக்கும். உடம்பும் அந்நிய இழையைச் சுற்றி வேலி கட்டத் தொடங்கிவிடும். பிறகென்ன, வெங்காயத் தோல்போல உரித்துப் போட்டுவிட்டுப் புதிதை ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.