உங்கள் கோப்பைத் திறக்கும் சாவி

“ஏத்தா, நீ நம்ம ஊர்ப் பிள்ளைதானே? தம்பி மகனுக்கு என்ன வியாதின்னு கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லு.” வார்டில் பணிபுரியும் செவிலியருக்கு இவ்வேண்டுகோள் புதிதன்று. கேட்பவர் பெரும்பாலும் அக்கறையினால்தான் கேட்கிறார். மறுக்கும்போது மனத்தாங்கல் எழுகிறது. அம்மறுப்பின் காரணத்தை இங்கே விளக்க விரும்புகிறோம்.

தாளில் எழுதிய கோப்பு ஓரிடத்தில்தான் இருக்கும். கணினியில் ஏறிய கோப்பையோ எந்த மேசையிலிருந்தும் திறக்கலாம். ஆகவே, புதிதாகச் சேரும் ஊழியர் மென்பொருள் அனுமதியை எழுத்து மூலம் கோருகிறார். துறைத் தலைவர் ஒப்பமிடுகிறார். கணினிப் பிரிவு ஆளின் பதவியைப் பாராமல், அவர் செய்யும் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே திறந்துவிடுகிறது. மருந்தாளுநர் மருந்துச் சீட்டையும் ஒவ்வாமைக் குறிப்பையும் காண்பார். கட்டணப் பிரிவினர் எந்தப் பரிசோதனை நடந்தது என்பதை அறிவர். அதன் முடிவை அறியார்.

வழங்குவதைவிடத் திரும்பப் பெறுவது கடினம். ஆய்வகத்திலிருந்து வேறு பிரிவுக்கு மாறியவருக்குப் புதிய சாவி கிடைக்கும்; பழையதை வாங்க மறந்தால், சில ஆண்டுகளில் ஒரே கையில் எல்லா அறைகளின் சாவியும் சேர்ந்துவிடும். தாமதமும் தீங்கே. இரவுப் பணிக்கு வந்தவருக்கு அனுமதி கிட்டாவிட்டால், தோழியின் கடவுச்சொல்லை இரவல் வாங்குவார். பின்னர் ஒரு மருந்தளவு தவறாகப் பதிவானால், பதிவேட்டில் நிற்பது வேறொருவர் பெயர். அவசர சிகிச்சையில் மருத்துவர் எந்தக் கோப்பையும் உடனே திறக்கலாம். ஆனால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், அது பின்னர் சரிபார்க்கப்படும்.

2008-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில், நடிகை ஃபாரா ஃபாசெட் உள்ளிட்ட புகழ்பெற்றோரின் கோப்புகளைச் சிகிச்சைக்குத் தொடர்பில்லாத மருத்துவமனை ஊழியர்களே திறந்து பார்த்தது வெளியாயிற்று. அவர்கள் பூட்டை உடைக்கவில்லை. சாவி கையிலேயே இருந்தது. அவ்வாண்டே கலிபோர்னியா மாநிலம் இதற்கெனச் சட்டம் இயற்றியது.

நம் பள்ளத்தாக்கில் ஒருவர் பாதிக்கப்பட நடிகையாக இருக்க வேண்டியதில்லை. விடியலில் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே ஏலத் தோட்டங்களுக்குப் புறப்படும் ஜீப்பில் தோளோடு தோள் நெருங்கி அமர்கிறோம். அங்கே ஒருவரின் காசநோய் பேச்சானால், மறுநாள் அவருக்கு இடமிராது, கூலியும் போகும். எச்.ஐ.வி. நிலையை உரியவரின் இசைவின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. மற்ற நோய்களுக்கும் அதே கட்டுப்பாட்டை நாம் கடைப்பிடிப்பதே முறை என்பது எம் கருத்து.

உடனிருந்து கவனிப்போர் விவரம் அறிய வேண்டியவர்களே. ஆகையால் சேர்க்கையின்போதே, தம் நிலையை யாரிடம் கூறலாம் என்பதை நோயாளி எழுதிக் கொடுப்பது நலம். கணினித் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புமாறு செவிலியரைக் கேட்க வேண்டா. நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், 72 மணி நேரத்திற்குள் ஆவணங்களை வழங்க வேண்டும் என 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன.