செல்லாக்காசுக்கு ஏன் இத்தனை கிராக்கி? சீனச் சந்தையைப் படித்த பேராசிரியர்

2007-இல் சீனப் பங்குச் சந்தையில் ஒரு விநோதம் நடந்தது. காலாவதியாகும் நாளில் ஒரு காசுகூடத் தேறாது என்று கூட்டிக் கழித்தாலே தெரிந்துவிடும் பத்திரங்களை முதலீட்டாளர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு பத்திரமும் நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று தடவைக்கு மேல் கைமாறியது. சூதாட்ட புத்தி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தச் சூதாட்டத்துக்குச் சந்தையின் விதிகளே எப்படி இடம் கொடுத்தன என்று ஆராய்ந்தார், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நிதியியல் பேராசிரியர் வெய் ஷியோங்.

சீனாவில் இயற்பியல் படித்து 1993-இல் பட்டம் பெற்றவர் ஷியோங். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலையும் இயற்பியல்தான். அதன் பிறகு நிதியியலுக்கு மாறி, 2001-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

நாளைக்கு ஒருவர் வருவார்

பொருளாதார அறிஞர் ஜோசே ஷெயின்க்மனுடன் சேர்ந்து 2003-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, விலைக் குமிழி எப்படி உருவாகிறது என்பதை விளக்கியது. ஒரு பங்கின் மதிப்பு பற்றி ஆளுக்கொரு கணக்கு இருக்கும். விலை அதிகம் என்று நினைப்பவருக்கு, கையில் இல்லாத பங்கை விற்று லாபம் பார்க்கும் ‘ஷார்ட் செல்லிங்’குக்கு வழி இல்லை என்றால், ஒதுங்கி நிற்பதைத் தவிர அவரால் வேறெதுவும் செய்ய முடியாது. நம்பிக்கை மிகுந்தவர்கள் மட்டுமே விலையை நிர்ணயிப்பார்கள். அவர்களும் தங்கள் கணக்கைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்குவார்கள். காரணம், நாளைக்கு இன்னும் நம்பிக்கையான ஒருவர் வந்து அதைவிட அதிகத்துக்கு வாங்கிக்கொள்வார் என்ற எதிர்பார்ப்பு.

இதை நிரூபிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பங்கின் உண்மையான மதிப்பு எவ்வளவு என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அது தெரியாமல் விலை ஊதிப்போயிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? இதற்கான விடை சீனாவில் கிடைத்தது.

ஒரே பங்கு, இரண்டு விலை

அங்கே பல நிறுவனங்கள் இரண்டு வகைப் பங்குகளை வெளியிட்டிருந்தன. ‘ஏ’ பங்கு உள்நாட்டினருக்கு, ‘பி’ பங்கு வெளிநாட்டினருக்கு. டிவிடெண்டும் வாக்குரிமையும் இரண்டுக்கும் ஒன்றே. 2001 வரை உள்நாட்டுச் சிறு முதலீட்டாளர்கள் ‘பி’ பங்கை வாங்க முடியாது. ஜியான்பிங் மெய், ஷெயின்க்மன் ஆகியோருடன் சேர்ந்து 75 நிறுவனங்களின் 1993–2000 விலைகளை ஷியோங் ஒப்பிட்டுப் பார்த்தார். ‘ஏ’ பங்கின் விலை ‘பி’ பங்கைவிடச் சராசரியாக 420 சதவீதம் அதிகமாக இருந்தது. ‘ஏ’ பங்குகள் ஆண்டுக்கு ஐந்து முறை கைமாறின. ‘பி’ பங்குகள் ஒரு முறைதான். நிறுவனம் ஒன்றே என்பதால், அதன் லாபத்தை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. அதில் கணிசமான பகுதிக்கு ஊக வணிகமே காரணம் என்று ஆய்வு காட்டியது.

வூலியாங்யே கணக்கு

இன்னும் துல்லியமான சான்று, தொடக்கத்தில் சொன்ன பத்திரங்களில் கிடைத்தது. அவற்றின் பெயர் ‘புட் வாரன்ட்’; குறித்த தேதியில், குறித்த விலைக்கு ஒரு பங்கை விற்கும் உரிமை. அரசு வசமிருந்த பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுவரும் சீர்திருத்தம் 2005-இல் தொடங்கியபோது, சிறு முதலீட்டாளர்களுக்கு ஈடாகச் சில நிறுவனங்கள் இவற்றை வழங்கின.

மதுபான நிறுவனமான வூலியாங்யேவின் வாரன்ட், பங்கை 7.96 யுவானுக்கு விற்கும் உரிமையுடன் 2006-இல் வந்தது. 2007 அக்டோபரில் பங்கின் விலை 70 யுவானைத் தாண்டியது. வாரன்ட் காலாவதியான 2008 ஏப்ரலிலும் சுமார் 26 யுவான் இருந்தது. 26 யுவான் பங்கை எட்டு யுவானுக்கு யார் விற்பார்கள்? அப்போது சீனாவில் ஒரு பங்கு ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் இறங்க முடியாது. காலாவதிக்குப் பத்து வர்த்தக நாள் இருக்கும்போது 26 யுவானில் உள்ள பங்கு, தினமும் அந்த 10 சதவீதத்தை முழுதாக இழந்தாலும் ஒன்பது யுவானில்தான் வந்து நிற்கும். ஆக, வாரன்ட்டின் மதிப்பு பூஜ்யம். பள்ளிக்கூடக் கணக்கு போதும், எந்தக் கோட்பாடும் தேவையில்லை.

அப்படியும் அது விலை போனது. காரணம், வாரன்ட்டில் ஷார்ட் செல்லிங் கிடையாது. வாங்கிய அன்றே விற்கலாம். முத்திரை வரியும் இல்லை. 2007 மே 30-இல் அரசு பங்குகளுக்கான முத்திரை வரியை 0.1-இலிருந்து 0.3 சதவீதமாக உயர்த்தியதும், ஊக வணிகர்கள் வாரன்ட் பக்கம் சாய்ந்தார்கள். ஜியாலின் யூவுடன் சேர்ந்து ஷியோங் எழுதிய இந்த ஆய்வு 2011-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியானது.

அப்பர் சர்க்யூட் ஆட்டம்

சந்தையை அடக்கப் போட்ட விதியே ஆட்டத்துக்கு வாய்ப்பாகும் என்பதை ஷியோங் பங்கேற்ற இன்னொரு ஆய்வு காட்டியது. ஷென்சென் பங்குச் சந்தையின் கணக்கு விவரங்களைப் பார்த்தபோது, பெரிய முதலீட்டாளர்கள் சிலரின் உத்தி தெரிந்தது. பங்கு ஒரு நாளில் ஏறக்கூடிய 10 சதவீத உச்சவரம்பான ‘அப்பர் சர்க்யூட்’டைத் தொடும் நாளில் அவர்கள் வாங்குகிறார்கள். மறுநாள் ஆசையோடு வரும் சிறு முதலீட்டாளர்களிடம் விற்றுவிடுகிறார்கள். அதன்பின் விலை சரிகிறது. அளவு மீறிய ஏற்ற இறக்கத்தைத் தடுக்கத்தான் அந்த உச்சவரம்பு வைக்கப்பட்டது.

பெய்ஜிங் என்ன செய்யும்?

2015 ஜூன் நடுவில் தொடங்கிய சரிவில், ஒரு மாதத்துக்குள் ஷாங்காய் குறியீடு 30 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ‘தேசிய அணி’ என்று அழைக்கப்பட்ட அரசு சார்பு நிறுவனங்கள் பங்குகளை வாங்கிக் குவித்து முட்டுக்கொடுத்தன. இப்படிப்பட்ட தலையீட்டின் விளைவை மார்கஸ் ப்ரூனர்மையர், மைக்கேல் சாக்கின் ஆகியோருடன் சேர்ந்து ஷியோங் ஆராய்ந்தார். தலையீடு கொந்தளிப்பைத் தணிக்கிறது, சரி. ஆனால் முதலீட்டாளர்கள் நிறுவனத்தின் வரவு செலவைப் படிப்பதை விட்டுவிட்டு, அரசு அடுத்து என்ன செய்யும் என்று ஊகிப்பதில் இறங்கிவிடலாம். அப்போது பங்கு விலை நிறுவனத்தின் நிலையைச் சொல்வதும் குறைந்துபோகிறது.

2024 செப்டம்பர் 24-இல் சீன மத்திய வங்கி, பங்கு வாங்க நிதி நிறுவனங்களுக்கு 50,000 கோடி யுவான் வசதி உட்படச் சலுகைகளை அறிவித்தது. அந்த வாரத்தில் மட்டும் சிஎஸ்ஐ 300 குறியீடு 15 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஒரே வாரத்தில் அந்தக் குறியீட்டிலுள்ள முன்னூறு நிறுவனங்களின் வியாபாரம் அந்த அளவுக்குத் திருந்தியிருக்க முடியாது. சீனப் பங்கு ஏறும்போது நிறுவனம் வளர்கிறது என்று நினைப்பவர், அந்த ஏற்றத்தில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, அரசின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்த ஆய்வுகள் தரும் பாடம்.