மூக்குவரைதான் அனுமதி

இங்கிலாந்தின் சால்ஸ்பரி ஜலதோஷ ஆய்வகத்தில், தொண்டர்கள் மூக்கு சிந்திப் போட்ட காகிதக் கைக்குட்டைகளைக்கூட எண்ணிக் கணக்கு வைத்தார்கள். அதே ஆய்வகத்தை நெடுநாள் படுத்திய சிக்கல் ஒன்று உண்டு. சளி பிடித்தவரின் மூக்குநீரை இன்னொருவர் மூக்கில் விட்டால் அவருக்கும் பிடித்துக்கொள்ளும்; குழாயில் வளர்த்த செல்களில் விட்டால் வைரஸ் வளராது. 1960-இல் டேவிட் டைரலின் குழு, குழாய்களை உடல் வெப்பமான 37 டிகிரியில் வைக்காமல் 33-இல் வைத்துப் பார்த்தது. வளர்ந்துவிட்டது. உள்ளிழுக்கும் காற்றில் குளிர்ந்த மூக்கின் வெப்பம் ஏறக்குறைய அவ்வளவுதான். சளியை உண்டாக்கும் இந்த ரைனோ வைரஸுக்கு நுரையீரலின் சூடு ஒத்துக்கொள்ளாது, அதனால்தான் சளி மூக்கோடு நின்றுவிடுகிறது என்று இதை வைத்து முடிவுகட்டத் தோன்றும். பாதிதான் சரி.

2015-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எலியின் மூச்சுக்குழாய்ச் செல்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 37 டிகிரியில் அந்தச் செல்கள் வைரஸை உடனே மோப்பம் பிடித்து, இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்தை ஏராளமாகச் சுரந்தன. 33-இல் அந்தச் சுறுசுறுப்பு இல்லை. மரபணுவை மாற்றி இந்த எச்சரிக்கை ஏற்பாட்டையே முடக்கியபோது, வைரஸ் 37-இலும் தாராளமாகப் பெருகியது. அப்படியானால் சூடு அதற்கு அவ்வளவு பெரிய தடையே இல்லை. சூட்டில் காவல் விழிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். எலிச் செல்லில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மனிதரிலும் உடம்பின் எதிர்வினைக்குத்தான் பெரிய பங்கு: மூக்கில் இந்த வைரஸ் உட்சவ்வைப் பெரிதாகச் சிதைப்பதில்லை. ஒழுகலும் அடைப்பும் பெரும்பாலும் நம் உடம்பே செய்யும் ஆர்ப்பாட்டம்.

இன்னொரு மறுப்பு கனமானது. படுக்கையில் கிடப்பவரைவிடத் தும்மிக்கொண்டே வேலைக்குப் போகிறவர்தான் வைரஸைப் பரப்புவார். ஆகவே பரிணாமமே அதைச் சாதுவாக்கியிருக்கும் என்கிறார்கள். பரிணாம உயிரியலாளர் பால் எவால்ட் விரிவாக வாதிட்ட கருத்து இது, தள்ளிவிட முடியாது. ஆனால் சாதுவாகும் பாதை ஒருவழிச் சாலை இல்லை. முயல்களை ஒழிக்க ஆஸ்திரேலியா 1950-இல் பரப்பிய மிக்சோமா வைரஸ், தொடக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கொன்றது. சில ஆண்டுகளில் அதன் வீரியம் தணிந்தது உண்மைதான். அப்படித் தணிந்து நிலைபெற்ற ரகங்களும் ஆய்வக முயல்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் கொன்றன. இதையா சாது என்பது? வைரஸை மட்டும் பார்த்து அதன் குணத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு உகாண்டாவின் கிபாலே காட்டில் இன்னும் நேரான சாட்சி இருக்கிறது. 2013-இல் அங்கே 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டமொன்றில் இருமல் பரவி ஐந்து இறந்தன. இறந்த இரண்டு வயதுக் குட்டி ஒன்றின் நுரையீரலில் கிடைத்தது ரைனோ வைரஸ்-சி, நமக்குச் சளி பிடிக்க வைக்கும் அதே வகை. செல்லுக்குள் நுழைய அது பயன்படுத்தும் புரதம் மனிதரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது; சிம்பன்சிகளிடம் காணப்பட்டது, வைரஸ் எளிதில் பற்றிக்கொள்ளும் வடிவம் மட்டுமே. அந்த வடிவம் கொண்ட மனிதக் குழந்தைகளும் உண்டு. மற்றக் குழந்தைகளைவிட அவர்கள்தான் ஆஸ்துமா முற்றி ஆஸ்பத்திரியில் அதிகம் சேர்கிறார்கள்.